வீட்டுக் காற்றைச் சோதிக்க வருபவரை எதை வைத்து நம்புவது? டெக்சஸ் தமிழர்கள் கேட்ட கேள்விகள்

ஹூஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் பூஞ்சை ஆய்வு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். டெக்சஸ் மாநில உரிமம் கையில் இருக்கிறது. பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனால் சாப்பாட்டு வரிசையில் யாராவது ஒருவர் என்னைத் தேடி வந்துவிடுவார். சிலர் வீடு வாங்கப் போகிறவர்கள். சிலர் வீட்டில் பூசண வாடை வருகிறது, குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை என்று பயந்துபோனவர்கள். இந்த வேலைக்கே வந்துவிடலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: காற்றைச் சோதிக்கிறேன் என்று வருகிறவரை எதை வைத்து நம்புவது? அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டுக் காற்று ஆய்வாளர் என்ன செய்வார்?

வீட்டுக்குள் இருக்கும் காற்றில் உடம்புக்கு ஆகாதது ஏதாவது கலந்திருக்கிறதா, கலந்திருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பார். பூஞ்சை, சமையல் புகை, கார்பன் மோனாக்சைடு, புது மரச்சாமான்கள் விடும் ஃபார்மால்டிஹைடு, சில ஊர்களில் ரேடான் என்று பல உண்டு. வளைகுடாக் கரையோரம் இருக்கும் எங்கள் ஊர்களில் பெரும்பாலான அழைப்பு பூஞ்சைக்காகத்தான் வரும். அதனால் இந்தக் கேள்வி பதிலிலும் பூஞ்சைதான் அதிகம் வரும்.

உரிமமும் சான்றிதழும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

உரிமம் என்பது அரசு கொடுப்பது. அது இல்லாமல் அந்த வேலையைச் செய்வது சட்டத்துக்கு விரோதம். டெக்சஸில் பூஞ்சை ஆய்வுக்கும் பூஞ்சை அகற்றும் வேலைக்கும் உரிமம் கொடுப்பது டெக்சஸ் உரிம, ஒழுங்குமுறைத் துறை. எல்லோரும் டிடிஎல்ஆர் என்றுதான் சொல்வார்கள். முன்பு மாநில சுகாதாரத் துறை பார்த்துக்கொண்டிருந்த இந்தப் பொறுப்பு 2017 நவம்பர் 1 முதல் இவர்களிடம் வந்தது.

சான்றிதழ் என்பது ஒரு தொழில் அமைப்பு கொடுப்பது. "இவர் தேர்வெழுதினார், இவருக்கு இவ்வளவு அனுபவம் இருக்கிறது" என்று அந்த அமைப்பு சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சிக்கு எவ்வளவு மதிப்பு என்பது சாட்சி சொல்பவரைப் பொறுத்தது. பத்து வருடம் களத்தில் நின்றவருக்கும் சான்றிதழ் இருக்கலாம். ஒரே மாலையில் கணினி முன் உட்கார்ந்து வாங்கியவருக்கும் இருக்கலாம். சட்டைப் பையில் குத்தியிருக்கும் பேட்ஜ் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மின்னும்.

டெக்சஸில் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். உரிம எண்ணை டிடிஎல்ஆர் தளத்தில் போட்டு நீங்களே பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. அப்புறம்தான் சான்றிதழ்.

அமெரிக்க மத்திய அரசு இதற்கெல்லாம் விதி வைத்திருக்கும் அல்லவா?

நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ பூஞ்சை ஆய்வாளர் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. காற்றில் பூஞ்சை வித்துகள் இத்தனைக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு வரம்பும் வைக்கவில்லை. "நாங்கள் இபிஏ சான்று பெற்ற பூஞ்சை ஆய்வாளர்கள்" என்று யாராவது வண்டியில் எழுதி வைத்திருந்தால் அந்த ஒரு வரிக்காகவே அவரைத் தவிர்த்துவிடுங்கள்.

டெக்சஸில் மட்டும் ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

அதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. ஆஸ்டினுக்கு மேற்கே ட்ரிப்பிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு பெரிய வீடு. குழாய்க் கசிவில் தரை நனைந்து, பூஞ்சை பரவி, கடைசியில் அந்தக் குடும்பம் வீட்டையே விட்டு வெளியேறியது. காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையைச் சரியாகக் கையாளவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2001 ஜூனில் நடுவர் குழு 3.2 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அது 40 லட்சமாகக் குறைந்தது. ஆனால் முதல் தீர்ப்பின் செய்தி அதற்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. பூஞ்சைக்காகக் காப்பீடு கேட்பவர்கள் டெக்சஸில் குவிந்தார்கள். கூடவே, நேற்று வரை கார்ப்பெட் கழுவியவர்களெல்லாம் பூஞ்சை நிபுணர் என்று அட்டை அடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

2003-ல் சட்டமன்றம் தலையிட்டது. டெக்சஸ் தொழில்கள் சட்டத் தொகுப்பின் 1958-ஆம் அத்தியாயம் அப்படி வந்ததுதான். (1958 என்பது ஆண்டு அல்ல, அத்தியாய எண். நிறையப் பேர் குழம்பிக்கொள்கிறார்கள்.)

சோதிக்கிறவரே சரிசெய்தும் கொடுத்தால் நமக்கு வேலை மிச்சம்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்வேன்.

ஒரே வீட்டில் ஒரே வேலைக்கு ஒருவரே ஆய்வும் செய்து, அகற்றவும் செய்யக் கூடாது என்று டெக்சஸ் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆய்வு நிறுவனத்தையும் அகற்றும் நிறுவனத்தையும் ஒரே ஆள் சொந்தமாக வைத்துக்கொண்டு ஒரே வேலையில் இறங்கவும் கூடாது. பூஞ்சை அதிகமாக இருந்தால் லாபம் வரும் என்ற நிலையில் இருப்பவர் பூஞ்சை எவ்வளவு என்று அளக்கவே கூடாது. சான்றிதழ், படிப்பு, அனுபவம் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான் என்பது என் கருத்து.

கேட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம். மாஸ்டர் பெட்ரூம் அலமாரிப் பக்கம் மக்கிய வாடை. "இலவசமாகச் சோதிக்கிறோம்" என்று ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. ஒரு கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றிவிட்டு, வீடு முழுக்கப் பூஞ்சை, எல்லா அறையையும் பிளாஸ்டிக் போட்டு மூடி வேலை செய்ய வேண்டும், இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டு இரவு தூக்கம் இல்லை. கையெழுத்துப் போடும் முன் நல்லவேளையாக என்னைக் கூப்பிட்டார்கள்.

அலமாரிக்குப் பின்னால்தான் ஏசி இயந்திரம் இருக்கும் சிற்றறை. ஏசியிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து, தட்டு நிரம்பி வழிந்து, சுவர் அட்டையின் (இங்கே உள்சுவர் என்பது மரச்சட்டத்தில் அறைந்த அட்டைதான்) அடிப்பகுதி ஊறிப்போயிருந்தது. கறுத்திருந்த இடம் ஏறத்தாழ நாலடிக்கு மூன்றடி. மற்ற எல்லாச் சுவரும் காய்ந்திருந்தன. குழாய் அடைப்பை எடுத்து, அந்த அட்டைத் துண்டை வெட்டி எடுத்து, உள்ளே நன்றாகக் காயவைத்து, புது அட்டை போட்டதோடு வாடை நின்றது.

அந்த நிறுவனத்தின் ஆளுக்கு ஏதாவது சான்றிதழ் இருந்திருக்கலாம். அவர் பொய்யே சொல்லாமலும் இருந்திருக்கலாம், அவர் கண்ணுக்கு உண்மையிலேயே வீடு முழுக்கப் பூஞ்சையாகத் தெரிந்திருக்கலாம். அளப்பவரையும் அகற்றுபவரையும் சட்டம் பிரித்து வைத்திருப்பது இதனால்தான்.

பன்னிரண்டு சதுர அடிதான் என்றால் உரிமம் இல்லாதவரே அதை எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒரே தொடர்ச்சியான பரப்பில் 25 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் அகற்றும் வேலைக்கு டெக்சஸில் உரிமம் தேவையில்லை. உங்கள் வீட்டில் நீங்களே செய்துகொள்வதற்கும் தேவையில்லை. நல்ல முகக்கவசம், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஆஸ்துமா இருப்பவர் அந்த அறைப் பக்கம் வர வேண்டாம்.

நான் இந்த வேலைக்கு வர வேண்டும். எங்கே தொடங்குவது?

டெக்சஸில் ஆய்வுப் பக்கத்தில் இரண்டு படி இருக்கின்றன. முதல் படி பூஞ்சை ஆய்வுத் தொழில்நுட்பர். பள்ளிப் படிப்பு முடித்திருந்தால் போதும். 24 மணி நேரப் பயிற்சி, அப்புறம் மாநிலத் தேர்வு. நீங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், அளக்கலாம், மாதிரி எடுக்கலாம். ஆனால் ஒரு ஆலோசகரின் கீழ்தான் வேலை செய்ய வேண்டும். எதை எப்படி அகற்ற வேண்டும் என்ற திட்டத்தை நீங்கள் எழுத முடியாது.

அந்தத் திட்டத்தை எழுதுகிறவர்தான் ஆலோசகர். பயிற்சி 40 மணி நேரம். அதோடு படிப்பும் அனுபவமும் சேர்ந்து வர வேண்டும். அறிவியல், பொறியியல், கட்டடக்கலை போன்றவற்றில் இளநிலைப் பட்டமும் ஓராண்டு அனுபவமும் ஒரு வழி. பட்டம் முடிக்கவில்லை, ஆனால் அந்தத் துறைகளில் 60 கிரெடிட் கல்லூரிப் படிப்பு இருக்கிறது என்றால் 3 ஆண்டு அனுபவம். பள்ளிப் படிப்பு மட்டும் என்றால் 5 ஆண்டு. உரிமத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தனியாகத் தொழில் செய்வதென்றால் ஒரு சம்பவத்துக்குக் குறைந்தது 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். முதலில் தொழில்நுட்பராகச் சேர்ந்து இரண்டு கோடைக்காலமாவது ஒரு நல்ல ஆலோசகரின் பின்னால் அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணில், ஏறி இறங்குங்கள். ஆகஸ்ட் மாதம் ஹூஸ்டன் அட்டிக்கில் அரை மணி நேரம் இருந்தால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது தெரிந்துவிடும்.

கோயம்புத்தூரில் படித்த என் பி.இ. பட்டம் இதற்குச் செல்லுமா?

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே மதிப்பெண் பட்டியலோடு டிடிஎல்ஆரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். பயிற்சி நடத்துபவர் "அதெல்லாம் செல்லும் சார்" என்று சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன என்பதால் நான் மேலே சொன்ன மணிக்கணக்குகளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சரி, உரிமத்துக்கு மேல் எந்தச் சான்றிதழ் வாங்கினால் மதிப்பு?

நான் மதிப்பவை இரண்டு மூன்றுதான்.

ஏசிஏசி என்ற அமைப்பு வீட்டுக் காற்று, பூஞ்சை ஆய்வு, பூஞ்சை அகற்றல் என்று தனித்தனியாகச் சான்றிதழ் வைத்திருக்கிறது. தேர்வு உண்டு, கள அனுபவத்தை ஆவணத்தோடு காட்ட வேண்டும், ஒரு குழு அதைப் பார்த்து ஓட்டளித்துத்தான் கொடுக்கும். உள்ளரங்கச் சூழல் ஆலோசகர் என்ற மேல்படிக்கு 8 ஆண்டு கள அனுபவம் கேட்கிறார்கள். இவர்கள் தரும் சான்றிதழை இன்னொரு வெளி அமைப்பு சோதித்து அங்கீகரிக்கிறது என்பதும் எனக்கு முக்கியம். சான்று கொடுப்பவருக்கே ஒருவர் சான்று கொடுக்க வேண்டும் அல்லவா?

இதைவிடக் கடினமானது சிஐஹெச் எனப்படும் தொழில்சார் சுகாதார நிபுணர் சான்று. அறிவியல் பட்டம், அந்தத் துறைக்கான தனிப் பாடங்கள், 4 ஆண்டு தொழில் அனுபவம், அதற்கு மேல் உயிரை வாங்கும் தேர்வு. தொழிற்சாலை, மருத்துவமனை, பெரிய அலுவலகக் கட்டடம் என்றால் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் ஒரு சுவர் ஈரத்துக்கு இவ்வளவு பெரிய ஆள் தேவையில்லை, கட்டணமும் அப்படி இருக்கும். ஆனால் வீட்டிலிருப்பவர் ஒருவருக்கு உடல்நிலை மிக மோசமாக இருந்து, காரணமே பிடிபடவில்லை என்றால் யோசிக்கலாம்.

ஐஐசிஆர்சி என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீர்ச் சேதத்தையும் பூஞ்சையையும் எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று தரநிலை எழுதும் அமைப்பு அது. பூஞ்சை அகற்றலுக்கான எஸ்520 தரநிலை அவர்களுடையது. அவர்களின் சான்றிதழ் அகற்றுபவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இவை தவிர எதைக் காட்டினாலும் மூன்று விஷயத்தைப் பாருங்கள். தேர்வில் யாராவது தோற்க முடியுமா, அனுபவத்தை யாராவது சரிபார்த்தார்களா, புதுப்பிக்க மறுபடி படிக்க வேண்டுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது ரசீதுதான்.

ஆய்வாளர் வந்தார், காற்று மாதிரியே எடுக்கவில்லை. ஏமாற்றிவிட்டாரா?

அநேகமாக அவர் நல்ல ஆய்வாளர்.

பூஞ்சை வளர ஈரம் வேண்டும். காற்றில் வித்துகள் எப்போதும் எங்கேயும் இருக்கும்; சுவரின் காகித அட்டையும் எப்போதும் இருக்கும்; இல்லாமல் இருப்பது தண்ணீர் மட்டும்தான். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வராது. அதனால் தெரிந்த ஆய்வாளர் முதலில் தண்ணீரைத்தான் தேடுவார். கூரையைப் பார்ப்பார், ஏசி குழாயைத் தொடுவார், ஜன்னலின் கீழ் மூலைகளில் ஈரமானியின் ஊசியைக் குத்திப் பார்ப்பார். வெப்பக் கேமரா வைத்திருப்பார். அது ஈரத்தைக் காட்டுவதில்லை, குளிர்ச்சியைத்தான் காட்டும். குளிர்ந்த இடமெல்லாம் ஈரமான இடம் அல்ல என்று தெரிந்தவர் அந்த இடத்தில் மறுபடி ஈரமானியை வைத்துப் பார்ப்பார். இந்த ஒன்றை மட்டும் கவனித்தாலே ஆளை எடை போட்டுவிடலாம்.

பூஞ்சை கண்ணுக்கே தெரிகிறது என்றால் மாதிரி எடுப்பது பெரும்பாலும் தேவையில்லை என்று இபிஏவே சொல்கிறது. என்ன இனம் என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஈரத்தை நிறுத்தி அதை எடுக்கத்தான் போகிறோம்.

காற்று மாதிரி எடுத்தார்கள். அறிக்கையில் 2,600 என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறதே?

அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். சிறு பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் வழியாக ஒரு பம்ப் நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்றை இழுக்கும். ஐந்து நிமிடத்துக்கு 75 லிட்டர். உள்ளே இருக்கும் பசைக் கண்ணாடியில் ஒட்டிய வித்துகளை ஆய்வகத்தில் எண்ணி, ஒரு கன மீட்டருக்கு, அதாவது 1,000 லிட்டருக்கு, பெருக்கி எழுதுவார்கள். ஆகவே கண்ணாடியில் ஒரே ஒரு வித்தைப் பார்த்தால் அறிக்கையில் 13 என்று விழும். உங்கள் 2,600 என்பது உண்மையில் ஏறத்தாழ 200 வித்து.

அதுவும் அந்த ஐந்து நிமிடத்தின் கதை. கார்ப்பெட்டில் குழந்தை ஓடினால் எண் ஏறும். ஏசி ஓடி முடித்திருந்தால் இறங்கும். வெளிக்காற்றிலும் அதே நாள் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிட்டிருக்க வேண்டும்; மழை முடிந்த காலையில் ஹூஸ்டன் தெருவில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். வெளியே குறைவாக இருந்து, உள்ளே மட்டும் ஒரு வகை எக்கச்சக்கமாக இருந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் இரண்டின் வித்தும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி இருப்பதால் ஆய்வகம் இரண்டையும் சேர்த்தே எழுதும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிமாதிரி இல்லாத அறிக்கையை வைத்துப் பணம் செலவழிக்க வேண்டாம்.

அப்படியென்றால் "நார்மல்" எவ்வளவு?

சட்டப்படி அப்படி ஓர் எண் கிடையாது. எண் சொல்கிறவரிடம் எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள்.

வீடு வாங்கும்போது ஹோம் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டாரே, தனியாக ஏன்?

அவருக்கு உரிமம் கொடுப்பது டெக்சஸ் ரியல் எஸ்டேட் ஆணையம். கூரை, அஸ்திவாரம், மின்சாரம், குழாய் எல்லாம் அவர் பார்ப்பார். பூஞ்சை போன்ற சுற்றுச்சூழல் கேடுகளைத் தேட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நல்லவர் என்றால் "இங்கே ஈரக்கறை இருக்கிறது, ஆளை வைத்துப் பாருங்கள்" என்று எழுதுவார். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். வாங்குவதிலிருந்து விலகிக்கொள்ள ஒப்பந்தம் தரும் அவகாசமான ஆப்ஷன் பீரியட் ஒரு வாரம், பத்து நாள்தான் இருக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதில் வரவும் நாளாகும். முதல் இரண்டு நாளிலேயே கூப்பிடுங்கள்.

விற்பவரிடம் இன்னொன்று கேளுங்கள். உரிமம் பெற்ற வேலை முடிந்ததும் பூஞ்சைச் சேதம் சரிசெய்யப்பட்டதற்கான சான்றிதழ் ஒன்றை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டும். ஆய்வு ஆலோசகர் மறுபடி வந்து பார்த்து, சுத்தம் என்று கையெழுத்துப் போட்டால்தான் அது கிடைக்கும். கடந்த 5 ஆண்டில் அப்படி வாங்கிய எல்லாவற்றின் நகலையும் வீடு விற்கும்போது வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2017-ல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் புகுந்தது. 2021 பிப்ரவரி உறைபனியில் ஊர் முழுக்கக் குழாய்கள் வெடித்தன. அதனால் அந்த இரண்டு சமயத்திலும் இந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று ஐந்தாண்டுக் கணக்குப் பார்க்காமல் நேராகவே கேட்டுவிடுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

பூஜை அறைச் சுவரும் கார்ப்பெட் ஓரமும் கறுத்திருக்கின்றன. பூஞ்சைதானே?

தொட்டுப் பாருங்கள். சுவர் காய்ந்திருந்து, கறுப்பு கோடு கோடாக, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டங்களின் வரிசையிலோ கதவின் அடியிலோ இருந்தால் அது பெரும்பாலும் புகைக்கரி. தினமும் ஏற்றும் விளக்கு, ஊதுபத்தி, சூடம், சாம்பிராணி விடும் நுண்ணிய கரி, குளிர்ந்த பரப்பிலும் காற்று நுழையும் இடுக்கிலும் போய்ப் படியும். நம் வீடுகளில் இதைப் பூஞ்சை என்று எழுதிவிட்டுப் போன அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் உரிமம் உள்ளவர்கள்தான். "இங்கே விளக்கு ஏற்றுவீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், சமையலையும் சேர்த்து. தாளிப்பும் எண்ணெயில் பொரிப்பதும் வீட்டுக் காற்றில் நுண்துகளை நன்றாகவே ஏற்றும். அடுப்புக்கு மேல் இருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டிவிட்டு உங்கள் முகத்துக்கே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். இங்கே பல வீடுகளில் இரண்டாவது வகைதான்.

ஏசியை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தும் வீடு ஈரமாகவே இருக்கிறது. ஏன்?

68-ல் வைப்பதாலேயே இருக்கலாம். கோடையில் வெளிக்காற்று அவ்வளவு ஈரம். அது சுவருக்குள் புகுந்து, குளிர்ந்த அட்டையின் பின்பக்கம் பட்டால் நீர்த்துளியாகும். தேவைக்கு மீறிய பெரிய ஏசி என்றால் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரமே இருக்காது. இன்னொன்று, விசிறியை எப்போதும் ஓடும்படி வைத்திருக்கிறீர்களா? ஏசி நின்றபின் உள்ளே சுருளில் தங்கிய ஈரத்தை அது திரும்ப அறைக்குள் ஊதும். ஆட்டோவில் வையுங்கள். பத்து பதினைந்து டாலருக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கி வைத்து 60 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 30 முதல் 50-க்குள் இருந்தால் இன்னும் நல்லது.

ரேடானுக்கும் இதே ஆளைக் கூப்பிடலாமா?

அது தனிச் சான்று. ரேடான் மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சு வாயு; நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் என்று இபிஏ சொல்கிறது. ஒரு லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்யச் சொல்கிறார்கள். என்ஆர்பிபி, என்ஆர்எஸ்பி என்று இரண்டு அமைப்புகள் சான்று தருகின்றன. ஹூஸ்டன் பக்கம் வாய்ப்புக் குறைவு. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, இல்லினாய் மாநிலங்களில் இருக்கும் உறவினருக்கு இதைச் சொல்லுங்கள், அங்கே அடித்தள அறையில் படுக்கை போட்டிருப்பவர்கள் அதிகம். அந்த மாநிலங்களில் ரேடான் அளப்பவருக்கு அரசே சான்று கொடுக்கிறது.

வேறு மாநிலங்களில் பூஞ்சை உரிமம்?

ஃபுளோரிடாவிலும் நியூயார்க்கிலும் உண்டு, இரண்டிலும் ஆய்வையும் அகற்றலையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நியூயார்க் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் இவ்வளவு தமிழர்கள் இருந்தும் பூஞ்சை ஆய்வுக்கு மாநில உரிமம் இல்லை. அங்கே சான்றிதழை மட்டும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதால் மேலே சொன்ன மூன்று கேள்விகளும் அங்கேதான் அதிகம் உதவும்.

மலேசியாவில் என் தம்பி பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறான். அங்கே இப்படி ஏதாவது?

அங்கே அலுவலகக் கட்டடங்களுக்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-ல் உள்ளரங்கக் காற்றுத் தரத்துக்கான நடைமுறை விதி வெளியிட்டது. அந்தத் துறையில் பதிவு செய்த மதிப்பீட்டாளர் என்று தனித் தகுதியே உண்டு. கார்பன் டை ஆக்சைடு 1,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,000 பங்கு), ஃபார்மால்டிஹைடு 0.1 பிபிஎம் என்று எண்களும் அதில் இருக்கின்றன. பூஞ்சைக்கும் ஒரு கன மீட்டருக்கு 1,000 என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அது வளர்த்து எண்ணும் முறையில் வரும் எண், நம் டப்பா மாதிரியோடு ஒப்பிடக் கூடாது. தம்பிக்கு இது நல்ல தொழில் வழி.

இந்தியாவில் குளிர்சாதனப் பொறியாளர்களின் சங்கமான இஷ்ரே 2016-ல் உள்ளரங்கச் சூழலுக்கு ஒரு தரநிலை கொண்டுவந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீட்டுச் சுவர் ஊறிக் கிடந்தது என்று நினைத்தால், வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆட்களுக்கும் அங்கே ஓர் ஏற்பாடு வர வேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கிறது.

போனில் என்ன கேட்டால் ஆளைக் கண்டுபிடிக்கலாம்?

உங்கள் உரிம எண் என்ன? நீங்கள் அகற்றும் வேலையும் செய்வீர்களா, யாருக்காவது சிபாரிசு செய்து பங்கு வாங்குவீர்களா? வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு "ஒவ்வொரு அறையிலும் காற்று மாதிரி எடுப்பேன்" என்று வந்தால் வேறொருவரைப் பாருங்கள். "எங்கே தண்ணீர் கசிந்தது, எப்போதிலிருந்து வாடை வருகிறது?" என்று அவர் உங்களைத் திருப்பிக் கேட்டால் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். வந்ததும் டிடிஎல்ஆரின் நுகர்வோர் தகவல் தாளை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். அது அவர் மேல் உள்ள கடமை.

அவர் வருவதற்கு முன் வீட்டைச் சுத்தம் செய்து வைக்கவா?

தயவுசெய்து வேண்டாம். பிளீச் ஊற்றித் துடைத்தால் கறை போய்விடும், ஈரம் அங்கேயே இருக்கும், தடயம் மட்டும் அழிந்துவிடும். பெயிண்டும் அடிக்காதீர்கள். அன்றைக்குக் காலையிலிருந்து ஜன்னல்களைத் திறக்காமல், ஏசியை வழக்கம்போல ஓடவிடுங்கள். சாம்பிராணியை மாலைக்குத் தள்ளிப்போடுங்கள். சந்தேகப்படும் சுவரை ஒட்டிய அலமாரியையோ கட்டிலையோ இரண்டடி நகர்த்தி வைத்தால் பேருதவி. வாடை எந்த நேரத்தில் அதிகம், மழைக்கு அப்புறமா, ஏசி கிளம்பும்போதா என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டே கசியும் இடத்துக்கு நேராக நடந்து போன நாட்கள் எனக்கு நிறைய உண்டு.